காலர், டாலர், ஸ்காலர், பாலா

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு குழாயடியில் வாளி வைத்து இடம் பிடித்தவர்கள், இன்று முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று என்னிடம் தொலைபேசியில் விசாரிக்கிறவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தம்பியை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பின்னாளில் தபாலாபீஸ் உத்தியோகத்தில் இருந்தானே, அவன்தான். அவனை ஒரு சமயம் கப்பலேற்றி அப்பாவின் சொந்த ஊருக்கே அனுப்பிவிட இருந்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜப்பான்காரன் வருவதற்கு வெகு காலம் முன்னால் நடந்தது. எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஏழு.

அவனுக்குத் திக்குவாய். எல்லாச் சொல்லும் திக்காது. சொல்லின் முதலில் 'ப' வந்தால்தான் வம்பு. உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும். பார்வை ஒரு ஓரமாய்ப் போய் நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும்.

அவன் கெட்டிக்காரன். அந்த எழுத்தைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். பசித்தால், "வயிறு கேக்குது" என்பான். பால் வேண்டுமென்றால், "வெள்ளைத் தண்ணி". பூனைக்கு மியாவ். பெரியப்பாவுக்கு, "அப்பாவோட அண்ணன்". அக்கம்பக்கத்தில் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். குழந்தை வேடிக்கையாய்ப் பேசுகிறது என்றுதான் நினைத்தார்கள். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அவனால் மாற்றுச் சொல் கண்டுபிடிக்க முடியவில்லை. அது அவன் பெயர். அப்பா ஆசையாய் பாலசுப்பிரமணியம் என்று வைத்திருந்தார். வீட்டில் பாலா.

அம்மா வசம்பைச் சுட்டு, தேனில் இழைத்து அவன் நாக்கில் தடவினாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸர் நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடியில் ஒரு நரம்பை வெட்டினால் சரியாகும் என்றார். நல்லவேளை, அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். தமிழ்ப் பள்ளியில் போட்டார்கள். அங்கே வாத்தியார் பிரம்பைக் காட்டி 'ப' வரவழைக்கப் பார்த்தார். வந்தது காய்ச்சல். ஒரு வாரத்தில் நின்றுவிட்டான்.

அப்பா ரயில்வே குட்ஸ் ஷெட்டில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, கழற்றி மாட்டும் காலர். அந்தக் காலரை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டையோடு சேராத தனிப் பட்டை அது. டோபி கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கொண்டுவந்தால் அட்டை மாதிரி நிற்கும். பின்கழுத்தில் ஒரு பித்தளைப் பித்தானால் அதைச் சட்டையோடு மாட்ட வேண்டும். வெளியே வைத்தால் என்ஜின் கரி வந்து உட்கார்ந்துவிடும் என்று அம்மா அதை வீட்டுக்குள் பெட்டியில் வைத்திருப்பாள். அப்பாவுக்குத் தன் கௌரவமே அந்தக் காலரில் இருப்பதாக எண்ணம். பையனும் இங்கிலீஷ் படித்துக் காலர் மாட்ட வேண்டும் என்பது அவர் கனவு.

அந்த வருஷத் தொடக்கத்தில் அவனை ஆண்கள் இங்கிலீஷ் பள்ளிக்கு அழைத்துப்போனார். நான் போகவில்லை. திரும்பி வந்ததைத்தான் பார்த்தேன். அப்பா முன்னால், தம்பி பத்தடி பின்னால். அப்பா காலரைக் கழற்றி மேசைமேல் எறிந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் அம்மா.

"பேரு கேட்டாரு ஹெட்மாஸ்டர் துரை. பேரு! வேற ஒண்ணும் கேக்கலை. நான் சொன்னேன். 'நீ சொல்லாதே, பையன் சொல்லட்டும்'னாரு. நின்னான், நின்னான், நின்னுக்கிட்டே இருந்தான். பக்கத்துல கிராணிங்கெல்லாம் பேனாவை வச்சிட்டு வேடிக்கை பாக்குறாங்க. கடைசில துரை, 'பையனுக்குப் புத்தி கொஞ்சம் மந்தம் போலிருக்கு, வீட்டுல வச்சுக்கோ'ன்னுட்டாரு."

தம்பி கதவோரமாய் நின்று தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிள்ளானிலிருந்து பெரியப்பா வந்தார். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணி. பெரியம்மா காலமாகிவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. வரும்போதெல்லாம் ஒரு கையில் நெத்திலிக் கருவாடு, ஒரு கையில் ரம்புத்தான் பழக் குலை. அவர் வேட்டியில் காய்ந்த ரப்பர்ப் பாலின் புளித்த நாற்றம் எப்போதும் இருக்கும். எங்களுக்கு அது பிடிக்கும். நல்ல மனுஷர். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள்.

சாப்பிட்டு முடித்துவிட்டு அவர் அப்பாவிடம் சொன்னார்: "நான் இங்க இருந்தது போதும்டா. ஊரோட போயிடப் போறேன். உன் மவனை என்கூட அனுப்பு."

"ஊருக்கா?"

"இங்க வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே? பேச வரலைன்னா இங்க பொழைக்க முடியுமா? துரைகிட்ட பேசணும், சீனன்கிட்ட பேசணும், பாசார்ல நின்னாகூடப் பேசணும்லா. ஊர்ல நிலம் இருக்கு, கெணறு இருக்கு. மாடு இவனைப் பேரு கேக்காது."

அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. அடுப்படியில் அம்மா கழுவிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது பெரியப்பா தம்பியின் தலையைத் தடவிவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கப்பலுக்குச் சொல்லி வைக்கிறேன் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மா தம்பிக்கு இரண்டு சட்டை தைக்க ஆரம்பித்தாள். நீலக் கோடு போட்ட துணி. கப்பலுக்கா என்று நான் கேட்டபோது, "போட்டுக்கிறதுக்கு" என்றாள். அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தது. நான் படித்தது பெண்கள் இங்கிலீஷ் பள்ளி. எங்கள் மிஸ் சட்டைக்காரம்மா, பாதி வெள்ளைக்காரி. முகப் பவுடர் வாசனையும் சுண்ணக்கட்டி வாசனையும் கலந்து வருவாள். ஒரு நாள் ரைம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தாள். ஒரு சொல் முடிகிற மாதிரியே இன்னொரு சொல்லும் முடிய வேண்டும். மேரி என்ற பெண்ணை எழுப்பி நிறுத்தி, "மேரி, ஃபேரி" என்றாள். லில்லி என்ற பெண்ணுக்கு, "லில்லி, சில்லி", அதாவது அசடு. வகுப்பே சிரித்தது, லில்லி அழுதாள். பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தாள். அவரவர் வீட்டில் இருக்கும் ஒருவர் பெயரை எடுத்து, அதற்கு ரைமாக ஐந்து இங்கிலீஷ் சொல் கொண்டுவர வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டேன். அப்பா பெயரையும் அம்மா பெயரையும் வாயால் சொல்லிச் சொல் தேடினால் அம்மா என் தோலை உரித்திருப்பாள். என் பெயருக்கு இங்கிலீஷில் ஒன்றுமே ஒட்டாது. மிச்சம் இருந்தது தம்பிதான்.

"உன் பேருக்கு அஞ்சு வார்த்தை வேணும்டா. வா, தேடுவோம்" என்றேன்.

அவன் பெயரைப் பற்றி அவனை அழ வைக்காமல் யாரும் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உற்சாகமாய்ப் புறப்பட்டுவிட்டான்.

டாலர் உடனே கிடைத்தது. இங்கே பணமே டாலர்தான், வீட்டில் தினமும் அடிபடுகிற சொல். காலர் பெட்டியிலேயே இருந்தது. ஸ்காலர் எங்கள் பள்ளி முன்கட்டில் பரிசு வாங்கினவர்கள் பெயர்ப் பலகையில் தங்க எழுத்தில் இருக்கும். அர்த்தம் எனக்குப் பாதிதான் தெரியும். பிறகு இரண்டு பேரும் தெருவில் இறங்கினோம். முடிவெட்டும் கடை வாசலில் ஒரு பலகை இருந்தது. அதில் பார்லர் என்று போட்டிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தம்பி துள்ளினான். ரோடு போடும் இடத்தில் கல் உருளை புகை விட்டுக்கொண்டு போனது. அதை ஓட்டிய பஞ்சாபிக்காரர் அதை ரோலர் என்று சொன்னார். அதையும் சேர்த்துக்கொண்டேன். சுகாதார இலாகா நோட்டீஸில் காலரா என்று இருந்தது. அது கூடாது என்று தம்பி தலையாட்டினான். "அது சீக்குக்கா. என்கிட்ட வைக்காதே."

மறுநாள் மிஸ் ரோலரை அடித்துவிட்டாள். அது 'ரோ', இது 'பா', எப்படிச் சேரும் என்றாள். பார்லரைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டாள். அதுதான் சரியான ரைமாம். மற்ற மூன்றும் கிட்டத்தட்ட, பரவாயில்லை என்றாள். இன்னொன்றும் சொன்னாள். கடைசியில் இருக்கும் 'ர்' வாய்க்கு வெளியே வரக்கூடாது. காலா, டாலா, ஸ்காலா என்றுதான் சொல்ல வேண்டும், துரைமார்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

அன்று மத்தியானமே தம்பியிடம் இதை ஒப்பித்தேன். அவனுக்கு ஒரே குஷி. பார்லர் மட்டும் அவனுக்கு உதவவில்லை. சரியான ரைம், ஆனால் அதுவும் அதே பொல்லாத எழுத்தில் ஆரம்பிக்கிறதே! மற்ற மூன்றையும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே திரிந்தான்.

பள்ளி விடுமுறை நாட்களில் குட்ஸ் ஷெட்டுக்கு அப்பாவின் சாப்பாட்டை நாங்கள்தான் கொண்டுபோவோம். எனாமல் கேரியர், மேல் தட்டில் ரசம். ஒரு சனிக்கிழமை தண்டவாளக் கேட் மூடியிருந்தது. குட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, முடிகிற வழியாய் இல்லை. ஈயம் ஏற்றின பெட்டிகள், மரம் ஏற்றின பெட்டிகள். வெயிலில் தார் பூசிய கட்டைகளிலிருந்து வாசனை எழும்பியது. சக்கரங்கள் தண்டவாள இணைப்பில் விழுந்து விழுந்து சத்தம் போட்டன. தம்பி கேட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குக் காலால் தாளம் போட்டு, தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"காலா, டாலா, ஸ்காலா, பாலா. காலா, டாலா, ஸ்காலா, பாலா."

நான் கேரியரைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னடா சொன்னே?"

"எதை?"

"இப்ப கடைசியா சொன்னியே, அதை."

யோசித்தான். உதடு ஒட்டிக்கொண்டது. கண் ஓரமாய்ப் போக ஆரம்பித்தது.

"வேணாம், வேணாம். முதல்லேருந்து சொல்லு. காலைத் தட்டிக்கிட்டே சொல்லு."

காலைத் தட்டினான். காலா, டாலா, ஸ்காலா. அடுத்ததும் வந்தது. தடுமாறாமல், மற்ற மூன்றையும் போலவே, அதுபாட்டுக்கு வந்தது. அவன் என்னைப் பார்த்தான். அந்த முகத்தை என்னால் வர்ணிக்க முடியாது. பிறகு இரண்டு பேரும் கத்தினோம், குதித்தோம். வண்டி போய், கேட் திறந்து, கேட்காரர், "ஏ புள்ளைங்களா, போறீங்களா இல்லையா?" என்று அதட்டும் வரை குதித்தோம். குதித்ததில் கேரியரின் மேல் தட்டு கவிழ்ந்து, அன்று அப்பாவுக்கு ரசம் கிடைக்கவில்லை.

மிச்சத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினோம். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அவள் முன்னால் நின்று காலைத் தட்டிச் சொன்னான். அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. கடைசிச் சொல் காதில் விழுந்ததும் கை அப்படியே நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுய்யா."

சொன்னான்.

"இன்னொரு தடவை."

மூன்றாம் தடவைக்கு அவள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பாகிட்ட இப்ப சொல்லாதே" என்றாள். "சொன்னா குவார்ட்டர்ஸையே கூட்டி வச்சு, எங்கே சொல்லுன்னு கேப்பாரு. புள்ளை பயந்துடுவான்." அப்பாவை அவளுக்கு அவ்வளவு தெரியும்.

அன்றிலிருந்து அடுப்படியில் ஒத்திகை. அம்மாவே துரையாக நடிப்பாள். கையில் அகப்பை. நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில், "வாட்டி நேமு?" என்று கேட்பாள். தம்பி சிரித்துவிடுவான். சிரித்துக்கொண்டே சொன்னபோது இன்னும் சுலபமாய் வந்தது.

ஒரு மாலை அப்பா ஆபீஸிலிருந்து வந்து பித்தளைப் பித்தானோடு போராடிக்கொண்டிருந்தார். அம்மா பின்னால் போய் அதைக் கழற்றிவிட்டபடியே சொன்னாள்: "புள்ளையை இன்னொரு தரம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எதுக்கு? மறுபடியும் அவமானப்படவா?"

"பட்டா என்ன?"

"அண்ணன் கப்பலுக்குச் சொல்லியாச்சு. ஊர்ல நல்லா இருப்பான்."

"அவமானம் உங்களுக்கு ஒரு நாள் இருக்கும். புள்ளை போயிட்டா எனக்குத் தினம் இருக்கும். கூட்டிட்டுப் போங்க."

அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போலும். காலரைத் தானே பெட்டியில் வைத்துவிட்டு, "சரி" என்றார்.

அந்த வாரமே புறப்பட்டோம். "நீயும் கூடப் போ" என்று அம்மா என்னையும் அனுப்பினாள். ரிக்ஷாவில் அப்பா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். தம்பி நீலக் கோடு போட்ட சட்டையில் இருந்தான். வழியெல்லாம் அவன் கால் ரிக்ஷாப் பலகையில் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தது. "சும்மா இருடா" என்றார் அப்பா. நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

பள்ளிக்கூடத் தாழ்வாரம் நீளமாய், மெழுகு வாசனையோடு இருந்தது. என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. அரைக் கதவுக்குக் கீழே குனிந்தால் உள்ளே எல்லோர் கால்களும் தெரிந்தன. துரையின் பெரிய கறுப்புத் தோல் சப்பாத்து, அப்பாவின் வெள்ளைக் கால்சட்டை, நடுவில் தம்பியின் வெறுங்கால்கள்.

"இந்தப் பையன் முன்னமே வந்தவன்தானே?" என்றார் துரை, இங்கிலீஷில்.

"எஸ் சார். ஒன் மோர் சான்ஸ் சார்."

துரை பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. "வாட் இஸ் யுவர் நேம், பாய்?"

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. தம்பியின் வலது கால் அசையவில்லை. கட்டைவிரல் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா வாயைத் திறந்திருக்க வேண்டும். "யூ கீப் கொயட்" என்றார் துரை. காலைத் தட்டு, காலைத் தட்டு என்று கதவுக்கு வெளியே நான் என் காலைத் தட்டினேன்.

அவனுக்குக் கேட்டதோ, அவனாகவே தெளிந்தானோ தெரியாது. கால் எழும்பியது. விழுந்தது.

"காலா, டாலா, ஸ்காலா, பாலா, சார்."

உரக்கச் சொன்னான். அறை முழுவதும் கேட்டது. யாரோ ஒரு கிராணியின் பேனா கீழே விழுந்து உருண்டது.

"வாட் டிட் யூ சே?"

"காலா, டாலா, ஸ்காலா, பாலா, சார்!"

துரை சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். சப்பாத்து இரண்டும் ஆடின. "ஸ்காலர்! நீ ஸ்காலரா? பேருக்கு ரைம் கட்டுகிற பையன் இந்தப் பள்ளியிலேயே கிடையாது." அப்பாவிடம், "அன்றைக்குக் கூச்சத்தில் நின்றிருக்கிறான். நீதான் சொல்லிக் கொடுத்தாயா? நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்" என்றார்.

அப்பாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆனால் ரயில்வேயில் இத்தனை வருஷம் இருந்தவராயிற்றே. "எஸ் சார். தேங்க் யூ சார்" என்றார்.

முதலில் மந்தம் என்று நினைத்த அதே துரை இப்போது மேதை என்று நினைத்துவிட்டார். இரண்டும் தப்புத்தான். இரண்டாவது தப்பு எங்களைக் காப்பாற்றியது. கேட்டதைக் கேட்டபடியே கிராணி பதிவில் எழுதினார். பாலா, அவ்வளவுதான். பெயரின் மீதி சுப்பிரமணியம் அன்றைக்கு அந்த வாசலோடு நின்றுபோனது. கடைசிவரை அவன் அரசாங்கக் காகிதம் எல்லாவற்றிலும் வெறும் பாலாதான்.

வெளியே வந்ததும் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னடி நடந்துச்சு உள்ளே?" ரிக்ஷாவில் போகும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். நடுவழியில், வெயிலோ வேர்வையோ, காலரைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். தெருவில் அவர் காலர் இல்லாமல் போனதை நான் பார்த்தது அன்றுதான். பிறகு தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

திக்கல் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். போகவில்லை. பள்ளியில் பையன்கள் அவனை டாலர் என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். அவனும் திரும்பக் கேலி செய்தான். வளர்ந்தபின், பெயர் கேட்டால் மேசைக்கடியில் விரலால் மூன்று தட்டுத் தட்டிவிட்டுச் சொல்வான். எதிரில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. கல்யாணம் செய்தான், பிள்ளை பெற்றான், பேசவேண்டிய இடத்தில் பேசினான். அது போதாதா?

பெரியப்பா தனியாகத்தான் போனார். சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு நாங்கள் நாலு பேரும் ரயிலில் போய் வழியனுப்பினோம். சேற்று நாற்றமும் கொப்பரை நாற்றமும் அடித்தது. தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருட்டுகளுமாய்க் கூட்டம். அம்மா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை ரயிலேறியதிலிருந்து விடவே இல்லை. பெரியப்பாவுக்கு அவன் படிப்பைப் பற்றிச் சந்தோஷம்தான். ஆனால் முகம் வாடியிருந்தது. தனிக்கட்டையாய்ப் போகிறவர், பாவம்.

"சரிடா, வரட்டுமா?" என்று தம்பியின் முன் குனிந்தார்.

போய்விட்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். அவன் உதடு ஒட்டிக்கொண்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. கடைசியில் அவன் அந்த 'போ'வை அப்படியே விட்டுவிட்டான்.

"வாங்க" என்றான். "திரும்பி வாங்க."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கப்பலுக்குக் கொண்டுபோகும் படகில் இறங்கினார்.

கப்பல் நகர்ந்து, புகை மட்டும் தெரியும் வரை நின்றோம். எனக்கு அதுவரை உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. கடைசி நிமிஷத்தில் யாராவது வந்து, இவனுக்கும் சீட்டு இருக்கிறது, ஏற்று என்று சொல்லிவிடுவார்களோ என்று. புகையும் கலைந்தது. அப்பா, "கிளம்பலாம்" என்றார்.

அப்போதுதான் அம்மா கையை எடுத்தாள். தம்பியின் மணிக்கட்டில் அவள் வளையல்கள் பதிந்து, சிவப்பாய் வரி வரியாய் இருந்தது. அவன் அதை ஒரு தரம் தேய்த்துவிட்டுக் கொண்டான். பிறகு சேற்றில் நண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, படகுத்துறைப் பாலத்தின் ஓரமாய் ஓட ஆரம்பித்தான்.

"டேய், விழுந்துடப் போறே!" என்று நான் கத்தினேன்.

"விடு, ஓடட்டும்" என்றாள் அம்மா.